பனிக்கு வழக்குப் போட முடியாது: ஸ்காபரோவிலிருந்து கியூபெக் வரை

வெள்ளி, ஸ்காபரோ – கிங்ஸ்ரன்

நாளைக்கு மத்தியானம் மொன்றியலில் நிற்கவேண்டும். வெயில் நாளென்றால் ஐந்தரை, ஆறு மணித்தியால ஓட்டம். ஜனவரியில் அந்தக் கணக்கு எடுபடாது. வெளிக்கிட முதல், வீதி நிலவரம் சொல்லும் 511 ஐப் பார்த்தேன். கோபேர்க் தொடங்கி கிங்ஸ்ரன் வரை 401 நெடுஞ்சாலை 'பகுதியளவில் பனி மூடியது' என்று கிடந்தது. முழுக்க மூடியிருந்தால் எல்லாரும் பயந்து ஓடுவார்கள். பகுதியளவு என்பதுதான் பொல்லாதது. கறுப்பாகத் தெரியும் வீதியில் ஆட்கள் 120 இல் போவார்கள், அடுத்த வளைவில் வெள்ளை தொடங்கும்.

கூட வருவது மச்சான், மனைவியின் தம்பி. ஜி2 என்ற இடைநிலை லைசென்ஸ் எடுத்துவிட்டான், பனிக்கால ஓட்டம் பழக ஆசை. கார் எடுக்க முதலே, "அத்தான், எங்கட கார் நாலு சில்லும் இழுக்கிற கார்தானே, பிறகென்ன பயம்?" என்றான். நாலு சில்லும் இழுப்பது புறப்படுவதற்கும் ஏற்றம் ஏறுவதற்கும்தான் உதவும். பிறேக்கைப் பொறுத்தவரை எல்லாக் காரும் நாலு சில்லில்தான் பிடிக்கிறது. பள்ளத்துக்குள் கிடக்கும் வாகனங்களைப் பாருங்கள், பெரிய எஸ்யூவிகளுக்குக் குறைவே இருக்காது.

உண்மையில் உதவுவது ரயர். 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால ரயரின் றப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். ரயரின் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கும், அதுதான் அடையாளம். ஒன்ராறியோவில் இது கட்டாயம் இல்லை, ஆனால் 2016 ஜனவரி 1 முதல் குளிர்கால ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு தரவேண்டும் என்பது விதி. கேட்காவிட்டால் அவர்களாக நினைவுபடுத்துவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரென்ரனில் ஆற்றுப் பாலத்துக்குக் கிட்டத்தான் கண்ணுக்கு முன்னால் நடந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளி நிற வான், அதற்கு முன்னால் பிக்கப். பாலத்தில் பிக்கப்பின் பிறேக் விளக்கு எரிந்தது. வானின் விளக்கும் எரிந்தது. ஆனால் வான் நிற்கவில்லை. சில்லுகள் உருளாமலே, அவசரமே இல்லாத மாதிரி நேராக முன்னால் போய் இடித்தது. பாலத்துக்குக் கீழேயும் குளிர்காற்று போவதால் அது இரண்டு பக்கத்தாலும் குளிரும். நிலத்தோடு கிடக்கும் வீதி ஈரமாக இருக்கும்போதே பாலம் ஐஸ் ஆகிவிடும். பிளக் ஐஸ் என்கிறோமே, அது கறுப்பு இல்லை. கண்ணாடி மாதிரி மெல்லிசு, கீழே இருக்கிற தார்தான் கறுப்பாகத் தெரிகிறது.

ஒருவருக்கும் காயமில்லை. இரண்டு வாகனமும் ஓடக்கூடிய நிலையில் இருந்ததால் அடுத்த ஒன்ரூட் தரிப்பிடத்துக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். நாங்களும் கோப்பிக்கு இறங்கினோம். பிக்கப்பின் பின்பம்பர் ஒரு பக்கம் தொங்க, அதற்குள் உப்பும் பனியும் சேர்ந்த சாம்பல் சேறு கட்டியாக ஒட்டியிருந்தது. வான்காரர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: ஐஸ், நான் என்ன செய்ய முடியும்?

மச்சானுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் ஆள்மேல் பரிதாபம்தான். ஆனால் ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் யாரில் எத்தனை வீதம் தவறு என்று முடிவுசெய்வது தவறு தீர்மான விதிகளை வைத்து, அதாவது 1990 ஆம் ஆண்டுத் தொகுப்பின் 668 ஆவது ஒழுங்குவிதியை வைத்து. வானிலை, வீதியின் நிலை, பார்வைத்தூரம் எதையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. ஒரே ஒழுங்கையில் போகும்போது பின்னால் வந்து இடித்தால் பின்னால் வந்தவருக்கு 100 வீதம். ஐஸில் சறுக்கி நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வந்தவரை இடித்தாலும் தாண்டினவருக்குத்தான் முழுப் பொறுப்பு. படிவத்தில் 'பனி' என்று எழுத இடமிருக்கும். எழுதலாம். வீதம் மாறாது.

"அப்ப ஐஸ் எண்டு சொல்லிப் பிரயோசனமே இல்லையோ?"

காப்புறுதியிடம் இல்லை. நீதிமன்றத்தில் கதை வேறு. அதை மொன்றியலில் அண்ணையோடு கதைக்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

சனி, கிங்ஸ்ரன் – மொன்றியல்

காலையில் காரைத் துடைக்கவே அரை மணித்தியாலம். மச்சான் முன்கண்ணாடியில் ஒரு சதுரம் மட்டும் சுரண்டிவிட்டு ஏறப் பார்த்தான். கூரையில் பனியை விட்டுப்போட்டு ஓடினால் முதலாவது பிறேக்கில் அது முழுக்க வழுகி முன்கண்ணாடிக்கு வரும், இல்லாவிட்டால் பறந்து பின்னால் வருபவருக்குப் போகும். முன்விளக்கு, பின்விளக்கு, நம்பர் பிளேட், பின்கமரா எல்லாம் துடைத்த பிறகுதான் திறப்பைக் கொடுத்தேன். கனனொக்வே வரை அவன் ஓடினான்.

கனனொக்வேயைத் தாண்டினால் லான்ஸ்டவுன். 2017 மார்ச்சில் இந்தப் பக்கத்தில்தான் பனிப்புயலில் வாகனங்கள் வரிசையாக மோதின. அமிலம் ஏற்றிவந்த ஒரு ட்றக்கும் அதில் மாட்டி, அமிலம் வீதியில் கொட்டியது. ட்றக் சாரதி ஒருவர் இறந்தார். பலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கழுவிச் சுத்தம் செய்யவேண்டி வந்தது. இன்றைக்கு அந்த இடம் சாதுவாக, வயலும் வேலியுமாகக் கிடந்தது.

சங்கிலி மோதலுக்கும் அந்த விதிகளில் தனிக் கணக்கு உண்டு. முதலாவது, நடுவில், கடைசி என்று மூன்று கார்கள். மூன்றும் ஓடிக்கொண்டிருந்தால்: நடுவில் உள்ளவர் முன்னால் இடித்ததற்கு அவருக்கு 50 வீதம், முதலாவது காருக்கு ஒன்றுமில்லை. கடைசிக்காரர் நடுக்காரரை இடித்ததற்குக் கடைசிக்காரருக்கு 100. ஆனால் முன்னிரண்டும் ஏற்கனவே நின்றிருக்க, கடைசிக்காரர் மட்டும் ஓடிவந்து இடித்து நடுக்கார் முன்னால் தள்ளுப்பட்டால், நடுக்காரருக்குத் தவறே இல்லை. ஆகவே நான் நின்றுவிட்டேனா, இன்னும் உருண்டுகொண்டிருந்தேனா என்பதில்தான் முழு வித்தியாசமும். டாஷ்கமரா வைத்திருப்பவர்கள் தப்புவது இந்த இடத்தில்தான். 25 வீதத்துக்கு மேல் தவறு வந்துவிட்டால் அது உங்கள் பெயரில் ஏறும், அடுத்த புதுப்பித்தலில் கட்டணத்தில் தெரியும்.

பொலிஸ் கொடுக்கும் டிக்கெட் இதற்குள் வராது, அது வேறு பாதை. கவனமின்றி ஓட்டியதற்கு ஒன்ராறியோவில் 400 முதல் 2,000 டொலர் வரை அபராதம், லைசென்ஸில் 6 தண்டப் புள்ளிகள், ஆறு மாதம் வரை சிறையும் சாத்தியம். அதனால் யாருக்காவது காயமோ மரணமோ நேர்ந்தால், 2018 செப்டெம்பர் முதல் உள்ள சட்டப்படி அபராதம் 2,000 இலிருந்து 50,000 வரை, சிறை இரண்டு வருடம் வரை. வேக எல்லைக்குள் போனேன் என்பது தப்பும் வழி இல்லை. பலகையில் உள்ள 100 நல்ல வீதிக்கு. ஐஸில் 60 கூட கவனமின்மை ஆகலாம்.

மச்சான் நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். நின்றுபோக எடுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50 இல் ஓடும் கார் காய்ந்த தாரில் பிறேக் பிடித்தபின் ஏறத்தாழ 14 மீற்றரில் நிற்கும். ஐஸில் உராய்வு அதன் ஏழில் ஒன்று என்று வைத்தால் 100 மீற்றருக்குக் கிட்ட. அதே ஐஸில் 100 இல் வந்தால் கிட்டத்தட்ட 400 மீற்றர். கால் பிறேக்குக்குப் போக எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை.

கோர்ன்வாலை நெருங்க உறைமழை எச்சரிக்கை. ஆலங்கட்டி இல்லை, பனியும் இல்லை, சாதாரண மழை மாதிரியே விழும். மேலே ஒரு வெதுவெதுப்பான காற்றுப் படை பனியை உருக்கிவிடும். கீழே நிலத்தோடு ஒட்டி பூச்சியத்துக்குக் கீழான மெல்லிய படை. அதற்குள்ளால் வரும் துளி உறைய நேரமில்லாமல் வந்து, பட்ட இடத்தில் உறையும். சென் லோரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வடகிழக்கிலிருந்து குளிர்காற்றை வாய்க்கால் மாதிரிக் கொண்டுவருவதால் மொன்றியல் பக்கம் இது அடிக்கடி. 1998 ஜனவரியில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேல் விழுந்து, உயர்மின் கோபுரங்களே மடிந்து விழுந்தன. எங்களுக்குக் கிடைத்தது தூறல்தான். வைப்பர் ஓரத்தில் ஐஸ் கட்டத் தொடங்க, நான் ஓட எடுத்தேன், 60 இல் வந்து சேர்ந்தோம்.

ஒன்று சொல்ல மறந்தேன்: பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். மைனஸ் 20 இல் ஐஸ் ஓரளவு பிடிக்கும்.

ஞாயிறு, மொன்றியல்

பிறந்தநாள், சாப்பாடு, நித்திரை. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரவு பத்து மணிக்கு வெளியே சைரன். மச்சான் துள்ளி எழும்பிவிட்டான். பொலிஸ் இல்லை, பனி அள்ள வருகிறார்கள்; வீதியோரம் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லி இழுவை வாகனம் ஊதிக்கொண்டு போகிறது. செம்மஞ்சள் பலகையில் நேரம் போட்டிருக்கும். எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டுபோய் வேறு தெருவில் விட்டுவிடுவார்கள், டிக்கெட்டோடு. பின்னால் பெரிய ஊதுபொறி பனியை விழுங்கி, பக்கத்தில் ஊர்ந்து வரும் ட்றக்கின் பெட்டிக்குள் துப்பிக்கொண்டு போனது. பத்து நிமிடம் யன்னலில் நின்று பார்த்தோம். ரொறன்ரோவில் பெரும்பாலும் ஒதுக்கி விடுவதோடு சரி, இங்கே அள்ளிக்கொண்டே போகிறார்கள்.

அண்ணை, பெரியம்மாவின் மகன், நெடுந்தூர ட்றக் ஓடுகிறவர். இரண்டு மாகாணத்தின் சட்டமும் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். இந்தச் சட்டம் 2008 இல் வந்தது, அப்போது டிசம்பர் 15 இல்தான் தொடங்கியது. போடாதவருக்கு 200 முதல் 300 டொலர். ஒன்ராறியோ பிளேட்டுக்கு அது பொருந்தாது.

"பொருந்தாது எண்டு சொல்லி இங்க வாறவங்களைத்தான் நான் மேட்டில கண்டு கும்பிடுறனான்," என்றார்.

பெரிய வித்தியாசம் காயத்தில். கியூபெக்கில் 1978 மார்ச் முதல் உடற்காயத்துக்கு அரசாங்கக் காப்புறுதி. யார் இடித்தது என்று பார்க்காமல் அந்த மாகாணத்தவருக்கு இழப்பீடு போகும், காயத்துக்காக எதிராளிமேல் வழக்குப் போடவே முடியாது. கார் சேதம் மட்டும் தனியார் காப்புறுதியோடு. ஒன்ராறியோவில் மருத்துவம், வருமான இழப்பு முதலியவற்றுக்கு முதலில் உங்கள் சொந்தக் காப்புறுதியிடமே போகவேண்டும். அதற்கு மேல் வலிக்கும் வேதனைக்கும் என்று வழக்குப் போடலாம், ஆனால் காயம் நிரந்தரமாகவும் கடுமையாகவும் இருக்கவேண்டும். அதற்குப் பிறகும், தொகை மிகப் பெரிதாக இல்லாவிட்டால், தீர்ப்பில் நாற்பதாயிரம் டொலருக்கு மேல் கழித்துவிடுவார்கள். விளம்பரப் பலகைகளில் சட்டத்தரணிகள் சிரித்துக்கொண்டிருக்கும் அளவுக்கு அது லேசான காரியம் இல்லை.

"அண்ணை, ஐஸுக்கு நீதிமன்றத்தில மதிப்பிருக்காம். உண்மையோ?" மச்சான் விடவில்லை.

இருக்கிறது. 1998 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபொன்ரெயின் வழக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடும் மழைக்காலத்தில் ஒரு பிக்கப் ஆற்றுக்குள் கிடந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதில் போன இருவரும் இறந்துவிட்டார்கள், பார்த்த சாட்சி இல்லை. வீதியை விட்டு விலகினால் சாரதியின் கவனக்குறைவுதான் என்று தானாக ஊகிக்க முடியாது, வானிலையும் காரணமாக இருந்திருக்கலாம் என்று, கூடப் போனவரின் மனைவி போட்ட வழக்கு தோற்றது. காப்புறுதி மேசையில் வெளியே நிற்கும் வானிலை, நீதிமன்றத்தில் உள்ளே வந்து கதிரையில் இருக்கிறது. ஆனால் அண்ணை சொன்னது சரி: எச்சரிக்கை கேட்டும், மற்றவர்கள் மெல்லப் போவதைப் பார்த்தும் வேகமாகப் போனவருக்கு அந்தக் கதிரை உதவாது.

திங்கள், மொன்றியல் – கியூபெக் நகரம்

20 ஆம் நெடுஞ்சாலை. தட்டையான வயல்வெளி, மரமில்லை, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. வானத்திலிருந்து ஒரு துகளும் விழவில்லை, ஆனால் வயலில் கிடந்த பனி எழும்பி வீதியைக் குறுக்கறுத்து ஓடியது. முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் புகை. டிரம்மொண்ட்வில்லைத் தாண்டி அது முகத்துக்கு உயர்ந்தது. சில விநாடிகளுக்கு முன்னால் போன ட்றக்கே மறைந்துவிட்டது.

இப்படியான நேரத்தில் செய்யக்கூடாதது ஓடும் ஒழுங்கையில் நிறுத்துவது. மெல்ல வேகத்தைக் குறைத்து, நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் அடுத்த வழியில் இறங்கவேண்டும். அப்படியே இறங்கினோம். பகலிலே எரியும் விளக்கை நம்பிப் போகக்கூடாது, பல கார்களில் அது பின்விளக்கை எரியவிடாது. முன்விளக்கும் பின்விளக்கும் எரியும்படி கையால் போடவேண்டும்.

2020 பெப்ரவரி 19 அன்று மொன்றியலுக்குத் தெற்கே லா பிரெய்ரியில் நடந்தது இதே சங்கதி. 15 ஆம் நெடுஞ்சாலையில் காற்றடித்த பனியில் பார்வை மறைந்து ஏறத்தாழ 200 வாகனங்கள் மோதின, இருவர் இறந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது, பாடசாலை பஸ்ஸும் ட்றக்குகளும் ஒன்றுக்குள் ஒன்று.

தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் நின்றோம். மச்சான் இந்தமுறை வேறு பக்கத்தால் வந்தான். "சரி, பனி அள்ளாத அரசாங்கத்துக்கு மேல போடலாம்தானே?"

இதற்கு இரண்டு வழக்கு தெரிந்தால் போதும். 1985 நவம்பரில் வன்கூவர் தீவில் பிரவுன் என்பவரின் வாகனம் ஐஸில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அதே காலையில் அதே வீதியில் வேறு விபத்துகளும் நடந்திருந்தன. வீதிப் பகுதியினர் அப்போதும் கோடைக்கால வேலை அட்டவணையிலேயே இருந்தார்கள். அது பணமும் ஆளும் எப்படிப் பங்கிடுவது என்ற கொள்கை முடிவு, அதற்கு அரசு பொறுப்பில்லை என்று 1994 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றது 2021 இல் வந்த நெல்சன் நகர வழக்கு. 2015 ஜனவரியில் கார் நிறுத்துமிடத்தைச் சுத்தம் செய்த நகரசபை, நடைபாதையோரம் இடைவெளி விடாமல் பனிமேடு கட்டிவிட்டது. அதைக் கடக்க முயன்ற பெண்ணுக்குக் காலில் பலத்த காயம். இந்தமுறை நீதிமன்றம், எங்கே மேடு கட்டுவது என்பது கொள்கை இல்லை, வேலைசெய்யும் முறை, அதில் கவனம் எடுக்கும் கடமை உண்டு என்றது. முதலாவது தீர்ப்பு எனக்கு இன்னும் உறுத்தும். காலையில் இருந்தே கார்கள் வழுகிக்கொண்டிருக்கும்போது அட்டவணையை மாற்றாதது கொள்கையா? ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

ஒன்ராறியோவில் நகரசபைகளுக்குக் குறைந்தபட்சப் பராமரிப்புத் தரம் என்று 239/02 ஆம் ஒழுங்குவிதி உண்டு. பெரிய முதலாம் வகுப்பு வீதியில் பனி 2.5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் 4 மணித்தியாலத்துக்குள் வழிக்கவேண்டும். ஐந்தாம் வகுப்பு உள்வீதி என்றால் 10 சென்ரிமீற்றர், 24 மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் செய்துவிட்டால் நகரசபைக்கு அது கேடயம். உங்கள் வீட்டுத் தெரு நாள்முழுக்கப் புதைந்து கிடந்தாலும் அது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். வழக்குப் போட நினைத்தால், எந்த இடம், எந்த நாள், என்ன நடந்தது என்று பத்து நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். மாகாண நெடுஞ்சாலைக்கும் பத்து நாள்தான். கட்டிலில் கிடப்பவருக்கு அந்தப் பத்து நாள் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை; வீட்டில் ஒருவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கியூபெக் நகரத்துக்கு இருட்டிய பிறகுதான் வந்தோம்.

புதன், திரும்பும் வழி

செவ்வாய் முழுக்கப் பழைய நகரத்தில் நடந்து கால் விறைத்தது. இன்று அதிகாலை புறப்பட்டு, மொன்றியலைச் சுற்றி, மத்தியானம் கோர்ன்வால். மைனஸ் 18. இந்தக் குளிரில் உப்பு வேலை செய்யாது. ஏறத்தாழ மைனஸ் 12 க்குக் கீழே மணல்தான் போடுகிறார்கள்.

மச்சான் ஓட, முன்னால் நீல விளக்கு. பனிவழிக்கும் ட்றக்குகள் ஒன்றுக்குப் பின் ஒன்று சரிவாக, எல்லா ஒழுங்கையையும் மூடிக்கொண்டு போகின்றன. பின்னால் நீண்ட வரிசை. ஒரு கார் வீதியோர ஒதுக்குப் பகுதியால் முந்தப் பார்த்து, முன்னால் கிளம்பும் பனிப்புகைக்குள் போய், பயந்து திரும்பி வந்தது. மச்சான் 55 இல் பின்னாலேயே போனான். எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு மெல்லிய வளைவில் பின்சில்லு கொஞ்சம் விலகியது. பிறேக்கில் கால் வைக்காமல், அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, போகவேண்டிய பக்கம் பார்த்து ஸ்ரியரிங்கைத் திருப்பினான். கார் நேரானது. பிறேக் பிடிக்கத்தான் வேண்டுமென்றால், ஏபிஎஸ் உள்ள காரில் விட்டுவிட்டு அமத்தத் தேவையில்லை, ஒரேயடியாக அழுத்திப் பிடிக்கவேண்டும். கால் அதிர்ந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். அதையும் நேற்று இரவு வெறும் நிறுத்துமிடத்தில் பழகிப் பார்த்தோம்.

புரொக்வில்லுக்குப் பிறகு பொலிஸ் வீதியை மூடிவிட்டது. முன்னால் இரண்டு ட்றக்குகள் மடிந்து கிடக்கின்றனவாம். இறங்கி, பழைய இரண்டாம் நெடுஞ்சாலையால் ஊர்ந்து கிங்ஸ்ரனில் மறுபடியும் அறை. வரவேற்பறை முழுக்க எங்களைப் போன்றவர்கள். ஒருவர் தன் காரில் சின்னக் கீறல்தான், பொலிஸுக்குச் சொல்லவேண்டுமா என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சானே பதில் சொன்னான்: காயம் இல்லை, சேதம் எல்லாம் சேர்த்து 5,000 டொலருக்குக் கீழே என்றால் 2025 ஜனவரியிலிருந்து தேவையில்லை, முந்தி 2,000 ஆக இருந்தது, ஆனால் காப்புறுதிக்கு ஏழு நாளுக்குள் சொல்லவேண்டும்.

511 இல் இன்னும் சிவப்புக்கோடுதான். காலை எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு, திறந்திருந்தால் புறப்படுகிறோம். மனைவிக்குச் சொல்லியாகிவிட்டது, மச்சானின் வேலையிடத்துக்கு இனித்தான் சொல்லவேண்டும்.